மையவாடிக்குப் போன பொதி

திருகோணமலை ஆஸ்பத்திரியில் ஸல்ஹாவுக்கு மயக்கம் தெளிந்தபோது பகல் பன்னிரண்டு தாண்டிவிட்டது. வாய் கசந்தது. நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்த துணி கடித்தது. ஆனாலும் அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். மூன்று வருடமாக நெஞ்சில் ஏறிக் குந்தியிருந்த இரண்டு கற்களும் இறங்கிவிட்டன. கமலேஸ்வரி மிஸ்ஸி வந்து நாடி பார்த்தாள். இரண்டையும் எடுத்தாயிற்று என்றும், இடப்பக்கத்துப் பை உள்ளேயே கிழிந்து கூழாக ஒட்டிக்கிடந்ததால் வழித்தெடுக்கச் சேர்ஜனுக்கு நேரம் பிடித்தது என்றும், இனிப் பயப்பட ஒன்றுமில்லை என்றும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். குரலைத் தாழ்த்தியது ஸல்ஹா கேட்டுக்கொண்டதற்காக.

ஏனென்றால் எடுத்தவை கட்டிகள் அல்ல, சதையும் அல்ல. பதினான்கு வருடங்களுக்கு முன் சிங்கப்பூரில் ஒரு டொக்டர் அவளுடைய இரண்டு மார்புக்குள்ளும் வைத்துத் தைத்த சிலிக்கோன் பைகள். அந்த 1981ஆம் ஆண்டில் திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அப்படி ஒன்றைச் சுமந்தவள் வேறு ஒருத்தி இருந்திருக்க மாட்டாள். சேர்ஜனே அதைப் புத்தகத்தில் படமாகத்தான் பார்த்திருந்தார். வைத்த பொருளைச் சுற்றி உடம்பு தானாக ஓர் உறை கட்டும், நாள் போக அந்த உறை சுருங்கி இறுகும், அதனால்தான் கல்லாகி நோகிறது என்று விளங்கப்படுத்தி, எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். ஸல்ஹா உடனே தலையாட்டினாள். ஒரே ஒரு வேண்டுதல்தான் வைத்தாள்: வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது.

வீட்டுக்காரர் ஸைனுலாப்தீனுக்கு அவள் சொல்லியிருந்தது வேறு. இரண்டு பக்கமும் கட்டி, மார்பை வெட்டி எடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தாள். நல்ல மனிதர், நம்பிவிட்டார். அன்று பின்னேரம் வீட்டுக்குள் ஒரு மூலையில் போய் நின்று கண்ணைத் துடைத்ததை அவள் பார்த்தாள். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடம் பொத்திவைத்ததைப் போகும்போது அவிழ்த்துவிடுவானேன் என்பது அவள் கணக்கு. பைகள் போய்விட்டால் பொய்யும் கூடவே போய்விடும்.

ஒரு முஸ்லிம் பெண்பிள்ளைக்கு இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள், அவளுடைய இருபதாவது வயதையும் கேட்கவேண்டும். மூதூரிலிருந்து பெண் பார்க்க மாப்பிள்ளையின் ராத்தா, மூத்த அக்காக்காரி, வந்தாள். வழக்கப்படி பெண்ணைக் கட்டிப்பிடித்து ஸலாம் சொன்னாள், வட்டிலப்பம் இரண்டு துண்டு சாப்பிட்டாள், எல்லாம் நல்லாயிருக்கு என்று சொல்லிப் படியிறங்கினாள். வேலிக்கு அந்தப் பக்கம் போனதும் கூட வந்தவளிடம், “கதவைக் கட்டிப்பிடிச்ச மாதிரி இரிக்கு” என்றாள். ஓலைவேலிக்கு என்ன மறைப்பு? வீட்டுக்குள் நின்ற எல்லோருக்கும் கேட்டது. அந்தப் பேச்சு அதோடு முறிந்தது. பிறகு வந்த இரண்டும் முறிந்தன. மூதூரில் சொன்ன ஒரு சொல் கிண்ணியாவுக்கு வந்துசேர எத்தனை நாள் பிடிக்கும்?

ஸல்ஹாவின் வாப்பா துறைமுகத்து டொக்யாட்டில் வேலை செய்தவர். அவர் மௌத்தான பிறகு அவள் ஒரு கடற்படைத் துரையின் பங்களாவில் பிள்ளை பார்க்கப் போனாள். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரர் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியபோது, அந்தக் குடும்பம் அவளையும் சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனது. பத்து வருடத்துக்கு மேல் அங்கே இருந்தாள். துரைசாணி தனக்கு அந்தப் பைகளை வைத்துக்கொண்ட டொக்டரிடம்தான் இவளையும் அழைத்துப் போனாள். துரைசாணிக்கு அது சட்டை தைக்கக் கொடுப்பது போல ஒரு காரியம். ஸல்ஹாவுக்கோ அது ஓலைவேலிக்குப் பின்னால் கேட்ட சொல்லுக்குப் பதில். அறுபத்தெட்டில் ஊர் திரும்பினாள். மாமா பேசி, சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் குழாய் பூட்டும் பிட்டராக வேலை செய்த ஸைனுலாப்தீனுக்கு நிக்காஹ் செய்துவைத்தார். இந்த முறை கட்டிப்பிடித்து ஸலாம் சொன்ன மாமியார் ஒன்றும் சொல்லவில்லை.

மார்புக்குக் கீழே இருந்த தழும்புகளுக்குக் கொப்புளம் கீறினது என்று ஒரு கதை. அந்த மனிதர் அதற்கு மேல் கேட்கிறவரும் இல்லை. பிள்ளை இல்லை. அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது என்று சேர்ஜன் அடித்துச் சொன்னார். அவளுக்கு மட்டும் அது நெஞ்சில் இறங்கவில்லை. ஏமாற்றிக் கட்டியதற்குக் கிடைத்த கூலி என்றே நினைத்திருந்தாள். ஏமாற்றி நிக்காஹ் செய்தாள் என்று ஸைனுலாப்தீன் பள்ளிவாசலில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாற்பத்தைந்து வயதில் அவள் எந்தப் படியில் போய் ஏறுவாள்?

இரண்டு மணிக்குச் சேர்ஜன் வார்டுக்கு வந்தார். தையலைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு மிஸ்ஸியிடம், அந்தப் பைகளைக் கொழும்பில் ஒருவருக்குக் காட்டவேண்டும், போத்தலில் போட்டு வைத்தீர்களா என்று கேட்டார். மிஸ்ஸி, தியேட்டரில் துடைக்கிற கழுவுகிற வேலை பார்க்கும் நல்லம்மாவைக் கூப்பிட்டாள். நல்லம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

“அதை அவவின்ர மனிசனிட்டக் குடுத்திட்டன் ஐயா. வெள்ளைச் சீலையில சுத்தித்தான் குடுத்தனான். அடக்கிறதுக்கு.”

இதில் நல்லம்மாவைக் குறை சொல்லவே ஏலாது. உடம்பிலிருந்து வெட்டி எடுத்ததை எறியாமல் அடக்கவேண்டும் என்பது முஸ்லிம்களின் வழக்கம். தொழுகை கிடையாது, கழுவித் துணியில் சுற்றி மண்ணுக்குள் வைப்பதுதான். சீனி வருத்தத்தில் வெட்டிய கால், மரமரியும் ஆலையில் போன விரல் என்று நல்லம்மா இருபது வருடமாக ஒருவர் சொல்லாமலே எடுத்துவைத்துக் கொடுத்து வருகிறாள். மூதூர், கிண்ணியா ஆட்கள் அதற்காகவே அவளை மதிப்பார்கள். இன்றைக்கும் ஒரு சோனக மனிதர் வாசலில் நின்று கேட்டார், கொடுத்தாள். அதைக் கொடுக்காதே என்று அவளிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. உள்ளுக்கிருந்து எடுத்தது எல்லாம் அவளுக்கு ஒன்றுதான்.

சேர்ஜன் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ஸல்ஹாவுக்கு வீட்டுக்காரரைத் தெரியும். கழுவாமல் அடக்கமாட்டார். அவிழ்க்காமல் கழுவ முடியாது. அவிழ்த்தால்? பதினோரு மணிக்கே போய்விட்டாராம். இந்நேரம் பஸ் எடுத்து, பாதை என்கிற மிதவையில் ஏறிக் கடல்வாயைக் கடந்து, கிண்ணியாவில் இறங்கியிருப்பார். பாதையில் அந்தப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருப்பார். அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் தையல் இழுத்தது. அழக்கூட வழியில்லாமல் சுவரில் தொங்கிய மணிக்கூட்டைப் பார்த்தபடி கிடந்தாள்.

ஐந்து மணிக்கு நோயாளர்களைப் பார்க்க ஆட்களை விட்டார்கள். ஸைனுலாப்தீன் கஞ்சிப் பிளாஸ்க்கோடு வந்தார். கதிரையைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோகுதா என்று கேட்டார். கஞ்சியை ஊற்றி ஆற்றினார். அந்த முகத்தில் எப்போதுமே ஒன்றும் எழுதியிருக்காது, இப்போதும் இல்லை. வலக்கைப் பெருவிரலால் சுட்டுவிரலை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தார். குழாய்ப் பூட்டுக்குப் போடும் வாஷர் நல்லதா இற்றுப்போனதா என்று பார்க்கும்போது அப்படித் தேய்ப்பார். வீட்டில் ரொட்டி மாவைக்கூட அப்படித்தான் தேய்த்துப் பார்ப்பார் என்பதால் ஸல்ஹா அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அடக்கியாச்சு என்று சொன்னார். லுஹர் தொழுகைக்குப் பிறகு, தொழவைக்கிற முஹம்மது தம்பி லெப்பையும் கூட வந்தாராம். மையவாடியில் தன் உம்மாவின் கபுறுக்குப் பக்கத்தில் இடம். பள்ளிவாசலிலிருந்து இரண்டு பேர் மண் தள்ளினார்களாம்.

ஸல்ஹா மூச்சை மெல்ல விட்டாள். லெப்பை பக்கத்தில் நிற்க அடக்கினார் என்றால் அவிழ்த்துப் பார்த்திருக்க மாட்டார். மேலாலே தண்ணீர் ஊற்றியிருப்பார். தப்பிவிட்டாள். எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. இனி ஒரு சொல் பேசாமல் இருந்தாலே போதும், சாகும்வரை மரியாதையோடு இருக்கலாம்.

“லெப்பைட்ட ஒண்டு கேட்டன்” என்றார் ஸைனுலாப்தீன். “உனக்கும் ஒரு காலம் வந்தா அதுக்குப் பக்கத்திலேயே வைக்கோணும் எண்டு. அதுவும் உன்ர உடம்புதானே. அவர் ஓமெண்டிட்டார்.”

ஸல்ஹா கஞ்சிக் கோப்பையை நீட்டினாள். அவர் அதை வாங்கி அலுமாரியின் மேல் வைத்தார். அவள் சொல்லத் தேவையில்லை. யாரும் கேட்கவில்லை. மூன்றாம் கட்டிலடியில் நின்ற நல்லம்மா, ஆட்கள் வெளிக்கிடுங்கோ என்று குரல் கொடுத்தாள். ஸைனுலாப்தீன் பிளாஸ்க்கை மூடி, சாரத்தை உதறிக்கொண்டு எழும்பினார். இந்த மனிதர் செத்துப்போன தன் உம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு பொய்யைப் படுக்கவைத்துவிட்டு வந்திருக்கிறார், அதற்குப் பக்கத்தில் என்னையும் படுக்கவைக்கப் போகிறார் என்று நினைத்ததும் அவளால் தாங்க முடியவில்லை. எட்டி அவர் சாரத்தைப் பிடித்தாள். தையல் சுரீரென்றது.

“மச்சான். அது என்ர சதை இல்ல. சிங்கப்பூர்ல வெச்சது. றப்பர் மாதிரி ஒரு சாமான். கலியாணத்துக்கு முன்னயே வெச்சிட்டன். உங்களை ஏமாத்தித்தான் கட்டின.”

அவர் திரும்ப உட்கார்ந்தார். வலக்கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். பெருவிரலும் சுட்டுவிரலும் பளபளத்தன.

“சவர்க்காரம் போட்டன். மண்ணெண்ணெய் போட்டன். போகுதில்ல” என்றார். “கிணத்தடியில அவிழ்த்துக் கழுவேக்க கண்டன் புள்ள. வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து வாஷர் மாத்துறன். எனக்குச் சதையும் தெரியும், றப்பரும் தெரியும்.”

தெரிந்துகொண்டா அடக்கினீர்கள் என்று அவள் கேட்டாள்.

வீட்டு வாசலில் லெப்பையும் ஆட்களும் வந்து நின்றுவிட்டார்களாம். வெறுங்கையோடு போய் நின்றால் என்ன சொல்வது? திரும்பச் சுற்றிக் கட்டிக்கொண்டு போய் வைத்துவிட்டாராம். பிழைதான், அல்லாஹ்விடம் தான் கேட்டுக்கொள்கிறேன் என்றார். அதுவரை ஒரே சீராக வந்த குரல் அங்கே உடைந்தது.

“டொக்டருக்குத் தெரியும். மிஸ்ஸிக்குத் தெரியும். ஊர் பேர் தெரியாத வெள்ளைக்காரிக்குத் தெரியும். பதிமூணு வருஷம் ஒரே பாயில படுத்த எனக்குத்தான் தெரியாது. வெட்டப் போறாங்கள் எண்டு நான் அழுதன். நீ அதையும் பாத்துக்கொண்டு இருந்தாய்.”

ஸல்ஹா ஓம் என்று மட்டும் சொன்னாள். லெப்பையிடம் இடம் கேட்டதாகச் சொன்னது உண்மையா என்று பிறகு கேட்டாள். பொய் என்றார் அவர். அவள் சொல்கிறாளா இல்லையா என்று பார்க்கத்தான் சொன்னாராம்.

“சொல்லாம விட்டிருந்தா நாளைக்கு நான் வந்திருக்க மாட்டன்.”

நல்லம்மா கிட்ட வந்தாள். இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். எதற்காக வைத்தாய் என்று ஸைனுலாப்தீன் கேட்டார். இருபத்தைந்து வருடமாக ஒருவருக்கும் சொல்லாத அந்தக் கதவுக் கதையை அவள் சொன்னாள். மூதூர், ராத்தா, வட்டிலப்பம், ஓலைவேலி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆரவள்? எந்த வீடு?”

“அவ மௌத்தாகி எத்தினையோ வருஷம்.”

“அல்லாஹ் மன்னிக்கட்டும்” என்றார். பிளாஸ்க் மூடியை இன்னொரு தரம் முறுக்கிவிட்டு, “நான் மன்னிக்கல்ல” என்றார்.

எழும்பினார். கதிரையைச் சுவரோரம் திருப்பி வைத்தார். போவதற்கு முன், இனியும் ஏதாவது மிச்சம் இருந்தால் இப்போதே சொல்லிவிடும்படியும், நாளைக்கு இன்னொரு பொதியைத் தூக்கிக்கொண்டு பாதையில் போக முடியாதென்றும் சொன்னார். ஸல்ஹா யோசித்தாள். சொல்வதா விடுவதா என்று அல்ல, எப்படிச் சொல்வது என்றுதான்.

“வயசு” என்றாள். “கலியாணம் பேசேக்க மாமா மூணு வயசு குறைச்சுச் சொன்னவர்.”

ஸைனுலாப்தீன் வார்டு வாசல்வரை போய்விட்டார். அங்கே நின்று கணக்குப் பார்க்க விரல்களை மடக்கினார். ஒட்டிக்கொண்ட விரல்களைப் பிரித்து மறுபடியும் மடக்கினார். அவருக்கு அந்த வருடம் நாற்பத்துநான்கு.

“அப்ப நீ எனக்கு ஒரு வயசு மூப்பு” என்றார்.

“ஓம்” என்றாள் ஸல்ஹா.

“நாளைக்கு ராத்தாவுக்கு மீன் ஆணம் கொண்டு வாறன்” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். ஸல்ஹாவுக்குச் சிரிப்பு வந்தது, தையல் பிடித்து இழுத்தது. சிரிப்பை அடக்க இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்தினாள். துணிக்குக் கீழே நெஞ்சு இருபது வயதில் இருந்தது போலத் தட்டையாக இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.