மூன்றாம் மாடிக்குக் கூடிய படிகள்

மார்பில் இருப்பது புற்றுநோய்தான் என்று டீச்சருக்கு முடிவு வந்த வியாழக்கிழமை, அவர் குடியிருந்த மூன்றாம் மாடிக்குப் போகும் படிக்கட்டில் பதினொரு படிகள் கூடியிருந்தன. கட்டடம் உயரவில்லை, மாடிகளும் அதே மூன்றுதான். கணக்கு டீச்சர் என்பதால் ஏறும்போதே எண்ணிவிட்டார். அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவர் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது என்பது அந்தக் கட்டடத்தின் பழைய கிண்டல். அவர் டேப்பை எடுத்து ஒவ்வொரு படியாக அளந்து பார்த்தார். சிமெண்டில் கோளாறு எதுவும் இல்லை.

நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம், கதவிடுக்கு வழியாக இருபது வருஷமாக அவர் சொல்லிவந்தது ஒன்றுதான்: "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது." வீட்டிலும் அந்த மனுஷன் அதையே பிடித்துக்கொண்டார். தண்ணீர் எடுத்துக் கொடுக்கும்போதும் சொன்னார், தலையணையைச் சரிசெய்யும்போதும் சொன்னார். சொல்லச் சொல்லப் படிகள் கூடின. மாத முடிவில் மொத்தம் இருநூற்று நாற்பது. பால் போடுபவர் பாதி வழியிலேயே பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார். கீழ் வீட்டு அக்கா மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல், மூச்சு வாங்குபவர்கள் உட்காரத் திருப்பத்துக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்தார்.

முதல் மருந்து ஏற்ற வேண்டிய நாள் காலையில், இறங்க இறங்கப் படி முளைத்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்துவிட்டார்.

"என்னால முடியாதுங்க. திரும்பிப் போயிடலாம்."

மெக்கானிக் வழக்கமானதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வரவில்லை. டீச்சரின் காலடியில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. ரிப்போர்ட்டப் பாத்ததுல இருந்து கையும் ஓடல, காலும் ஓடல. நீ இல்லாம எனக்கு என்ன தெரியும்?"

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு மட்டும்தான் என்று ஒரு மாதமாகச் சுமந்த பயம் இவருக்கும் இருந்திருக்கிறது என்று தெரிந்ததில், வெட்கத்தை விட்டுச் சொன்னால், டீச்சருக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா? நான் ஒருத்திதான் பயந்து சாகுறேன்னு நெனச்சேன். எந்திரிங்க, நேரமாச்சு."

கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அன்றைக்கு அதற்குமேல் ஒரு படியும் முளைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம் தாமதம்.

சிகிச்சை முடிந்து, முடி வளர்ந்து, டீச்சர் வகுப்புக்குத் திரும்பி நாலு வருஷம் ஆகிறது. கூடிய படிகள் குறையவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைத் தேதி நெருங்கும்போது இன்னும் இரண்டு மூன்று முளைக்கும். காலையில் துடைப்பத்தோடு வரும் கீழ் வீட்டு அக்கா அவற்றையும் சேர்த்துப் பெருக்கிவிடுவார்.