மேஜை மேல் இருந்த பேட்டரி

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அடுத்தவர்களை மேலே ஏற்றி இறக்கியே முழங்கால் போய்விட்டது. விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டு வாங்கலாம் என்றேன். முறைத்தார். மறுவாரமே ஒரு சூட்கேஸ் வாங்கிக்கொண்டு வந்தார். அதன்மேல் உட்கார்ந்து கைப்பிடியைத் திருகினால் ஓடும். சக்கர நாற்காலியில் போனால் கிழவன், சூட்கேஸில் போனால் ஷோக்குப் பேர்வழி. இதுதான் அவர் நியாயம்.

"இதுல துணி எவ்வளவு வைக்கலாம்?" என்று கேட்டேன்.

"நாலு சட்டை."

"நாலு சட்டைக்கா இந்தக் கனம்?"

"மோட்டார் இருக்குல்ல."

என் பெட்டி இருபது வருஷப் பழசு. ஒரு சக்கரம் கீச்சிடும். ஜிப் பாதியில் நின்றுவிடும் என்பதால் மேலே கயிறு கட்டித்தான் அனுப்புவேன். ஆனால் ஒரு குடும்பத்துச் சாமானையே விழுங்கும், சார்ஜ் கேட்காது, எந்த ஊர் அதிகாரியும் அதை நிறுத்திக் கேள்வி கேட்டதில்லை. இவருடையதுக்கோ ஆயிரம் சட்டம். பேட்டரியைக் கழற்று, கையில் வை, அதைக் காட்டு, இதைக் காட்டு. யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை என்று நான் சொல்லாத நாளில்லை.

நாங்கள் போனது உல்லாசப் பயணம் இல்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் மகளுக்கு இதயத்தில் ஆபரேஷன், வால்வு மாற்றுகிறார்கள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, நடுக்கடலில் இருந்தார். அந்த ஊரில் அவளுக்கென்று வேறு யாரும் இல்லை. "தியேட்டர் கதவு வரைக்கும் நீ என் கூட வரணும்மா," என்று பத்து நாளாகப் போனில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயதுப் பெண், பள்ளிக்கூடத்துக்குப் போகும் முதல் நாள் மாதிரி கேட்டாள். வருகிறேன் என்று சத்தியம் செய்திருந்தேன்.

விமான நிலையத்தில் என் பெட்டியை எடை போட்டு அனுப்பினார்கள். "பெட்டிக்குள்ள பேட்டரி, பவர் பேங்க் ஏதாவது இருக்கா?" என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். இல்லை என்று இரண்டு பேரும் தலையாட்டினோம். சூட்கேஸை இவர் தன்னோடே உள்ளே கொண்டுவந்தார். நீளமான நடைபாதையில் இவர் ஓட்டிக்கொண்டு போக, நான் பின்னால் மூச்சிரைக்க நடந்தேன். குழந்தைகள் வாய் பிளந்து பார்த்தன. இவர் முகத்தில் ராஜ களை. சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

விமானத்துக்குப் போகும் வாசலருகே உட்கார்ந்த பிறகுதான் பேச்சுவாக்கில் சொன்னார். "வீட்டை நினைச்சாத்தான் கவலையா இருக்கு. இந்த சூட்கேஸுக்குக் கடைக்காரன் கூடுதலா ஒரு பேட்டரி கொடுத்தான்ல, அது உப்பிப் போச்சு. வந்து கடையில திருப்பிக் கொடுத்துக்கலாம்னு சாப்பாட்டு மேஜை மேல வச்சிட்டு வந்துட்டேன். பால்கனியில வச்சிருக்கணும். உப்பின பேட்டரி எப்பப் பத்திக்கும்னு சொல்ல முடியாது."

"கறுப்பா, செங்கல் மாதிரி இருந்துச்சே, அதுவா?"

"அதேதான்."

காலையில் அதைப் பார்த்து, மனுஷன் சார்ஜரை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். இவர் மறப்பதும் நான் எடுத்து வைப்பதும் முப்பது வருஷப் பழக்கம். கேட்டால் 'எனக்குத் தெரியும்' என்பார், அதனால் கேட்பதையே விட்டுவிட்டேன். நசுங்கக் கூடாதே என்று எவர்சில்வர் டப்பாவில் போட்டு, இறுக மூடி, துண்டில் சுற்றி, என் பெட்டியின் நடுவில் வைத்திருந்தேன்.

சொன்னேன்.

"டப்பாக்குள்ளயா? மூடியும் போட்டியா?"

"இறுக்கமா போட்டேன்."

கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "மெஷின்ல பார்த்திருப்பாங்க. தப்புன்னா நம்மளக் கூப்பிட்டிருப்பாங்க. கூப்பிடலையே. ஒண்ணும் ஆகாது," என்றார்.

"எப்பப் பத்திக்கும்னு சொல்ல முடியாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

கண்ணாடிக்கு வெளியே விமானம் நின்றது. அதன் வயிற்றுக்குள் பெட்டிகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. கயிறு கட்டிய என் பெட்டியும் ஏறியது. உள்ளே போய் மறைகிற வரை பார்த்தேன்.

"இப்பச் சொன்னா நம்மள ஏத்த மாட்டாங்க," என்றார் மெதுவாக. "நாளைக்கு ஏழு மணி."

"தெரியும்."

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நானும் நினைத்தேன். மனசறிந்து பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே நினைத்தேன். மூன்று மணி நேரப் பயணம்தானே. இத்தனை நேரம் பத்திக்கொள்ளாதது இன்னும் மூன்று மணி நேரத்திலா பத்திக்கொள்ளப் போகிறது? ஏறச் சொல்லி அழைத்தார்கள், வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற பெண், தோளில் தூங்கிய குழந்தையை மாற்றிப் போட்டாள். அதன் ஒரு கால் செருப்பு கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். அப்படியே வரிசையைத் தாண்டிப்போய் டிக்கெட் பார்க்கிற அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அதன்பிறகு எல்லாமே வேகமாக நடந்தது. ஏறியவர்களை இறக்கினார்கள். பெட்டிகளை வெளியே வீசினார்கள். தடித்த கையுறை போட்ட ஒருவர் என் பெட்டியை விமானத்திலிருந்து வெகுதூரம் இழுத்துப் போனார். அந்தச் சக்கரம் கீச்சிட்டிருக்கும், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை. கயிற்றை அறுத்து, துண்டை உதறி, டப்பாவைத் தரையில் வைத்தார். வைத்தவர் சுட்டது போல் கையை உதறிக்கொண்டே ஓடினார். அவர் பாதி தூரம் வருவதற்குள் மூடி எகிறியது. வெள்ளைப் புகை ஆள் உயரத்துக்கு எழும்பியது, அப்புறம் தீ. என் வீட்டுக்காரர் சூட்கேஸின் மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

எங்களை ஓர் அறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள், எழுதி வாங்கினார்கள். அதிகாரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. விமானம் எங்களை விட்டுவிட்டுப் போனது. அடுத்தது மறுநாள் மத்தியானம்தான் என்றார்கள்.

மகளுக்குப் போன் செய்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அழுவாள் என்று நினைத்தேன்.

"அந்த ஃபிளைட்ல குழந்தைங்க இருந்தாங்களாம்மா?"

"இருந்தாங்க."

"அப்ப நீ சொன்னதுதான் சரி. பரவால்லம்மா." என் வயிற்றில் பிறந்தவள், அந்தப் 'பரவால்ல' எனக்குத் தெரியாதா?

அவள் போனை வைக்கவில்லை.

"கதவு வரைக்கும் யாரும்மா வருவாங்க?"

"நர்ஸ் வருவாங்க கண்ணு," என்றேன்.

"அவங்க பேரு கூட எனக்குத் தெரியாதும்மா," என்றாள்.