பால் காய்ச்சிய பிறகுதான் கொலைகாரன்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பிள்ளைக் காம்பராவில் பகலெல்லாம் குழந்தைகள் கத்தும்; பொழுது சாய்ந்தால் பெரியவர்கள் வாயடைத்துக் கிடப்பார்கள். காரணம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சண்முகவடிவு உரக்க வாசித்த துப்பறியும் நாவல். அதில், போரில் கை கால் போய்த் திரும்பிய சிப்பாய்களுக்குக் கஞ்சிகூட ஒழுங்காக ஊற்றாத அதிகாரிகள் ஒவ்வொருவராகச் செத்து விழுகிறார்கள். கொல்வது யார்? அத்தியாயத்துக்கு ஒரு பிணம். கேட்டவர்களில் ஒருத்திகூட வருத்தப்படவில்லை.

சண்முகவடிவுக்கு இது வெறும் கதையில்லை. அவளுடைய அண்ணன் மாயாண்டியும் மகாயுத்தத்துக்குப் போய் ஒரு காலை விந்திக்கொண்டு வந்தவன்தான். வந்து பார்த்தால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவன் குடியிருந்த காம்பராவில் கண்டாக்கையாவின் பசு படுத்திருந்தது. மாடு குளிர் தாங்காது என்றார், தோட்ட வேலையை மேய்க்கும் அந்தப் பெரிய மனிதர். மாயாண்டி தாங்குவான் என்பது அவர் நினைப்பு. சண்முகவடிவின் ஒற்றைக் காம்பராவிலோ மாமியாருக்கே கால் நீட்ட இடமில்லை. எனவே அவன் பிள்ளைக் காம்பரா வாசலில் சாக்கு விரித்தான். மழையில் அவன் இருமும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது.

அந்தக் கண்டாக்கையாவுக்கும் கதைப் பித்து பிடித்தது. முதல் நாள் அடுப்பைச் சோதிக்க வந்தேன் என்றார். மறுநாள் கூரையை. அப்புறம் சோதிக்க ஒன்றும் மிஞ்சாததால் ஜன்னலுக்கு வெளியே குடையோடு நின்றார். பிணம் விழும்போதெல்லாம் குடை நடுங்கியது.

கடைசி அத்தியாயம் வந்ததும் சண்முகவடிவு புத்தகத்தை மூடிவிட்டாள்.

"மிச்சத்த எங்கண்ணன் காம்பராவுல பால் காய்ச்சித்தான் வாசிப்பேன்," என்றாள், ஜன்னலைப் பார்த்து.

பெண்கள் அங்கலாய்த்தார்கள். ராக்காயி கொழுந்துக் கூடையை எட்டி உதைத்தாள். சண்முகவடிவுக்கே முடிவைப் புரட்டக் கை அரித்தது, ஆனாலும் புரட்டவில்லை. கண்டாக்கையா சில நாள் வீம்பாக இருந்தார். பிறகு ஒரு காலை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, அந்தக் காம்பராவில் மாட்டுக்குக் காற்றோட்டம் போதவில்லை என்று அறிவித்தார்.

சாணியை அள்ளி, கழுவி மெழுகி, மாயாண்டி பால் காய்ச்சினான். பாலும் அந்தப் பசுவுடையதுதான். லயமே உள்ளே நெருக்கியடித்தது. இருந்த ஒரே பெட்டியில் கண்டாக்கையாவை உட்காரவைத்து, முதல் டம்ளரை அவருக்கே கொடுத்தான். அவர் உறிஞ்சிக்கொண்டே கதைக்குக் காது கொடுத்தார்.

சண்முகவடிவு வாசித்தாள். கொலைகாரன் வேறு யாருமில்லை, எல்லோரிடமும் பணிவாக நடந்த நொண்டிச் சிப்பாய். தன்னை வதைத்தவர்களை வீட்டுக்கு அழைத்து, வாய் நிறைய உபசரித்து, பாலில் விஷம் கலந்திருக்கிறான்.

படித்தவளே புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். காம்பராவே கண்டாக்கையாவின் டம்ளரைப் பார்த்தது. பாதி காலி. அவர் விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தார்.

மாயாண்டி சட்டியோடு விந்தி வந்து டம்ளரை நிரப்பினான்.

"பயப்படாமக் குடிங்கய்யா," என்றான். "அதான் காம்பராவக் குடுத்துட்டீங்கள்ல."