பாலையாவின் நாள்

நகரியில் விசைத்தறி ஓட்டும் ருக்மணியின் கொழுந்தன் அண்ணாதுரை, மகாளய அமாவாசைதோறும் திருப்பதி கபிலதீர்த்தத்துக்குப் போய், செத்த எல்லாருக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் விடுவான். கார்கில் சண்டையில் போன அண்ணன் பாலையாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். உடல் கிடைக்கவில்லை. பட்டாளத்திலிருந்து வந்த கடிதத்தில் காணாமல் போனார், இறந்ததாகக் கொள்ளப்படுகிறார் என்றிருந்தது. நாள் இல்லை. நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசைதான் வழக்கம்.

பாலையாவின் மனைவி ருக்மணிக்கு அது ஒப்பவில்லை. அவருக்கென்று ஒரு நாள் வேண்டும்.

பாலையாவோடு கார்கில் மலையில் சிப்பாயாக இருந்த சின்னப்பன், பெங்களூர் வேலையை விட்டுச் சொந்த ஊரான கங்காதர நெல்லூருக்கே திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டதும், பஸ் ஏறிப் போனாள்.

"வேணாம் தங்கச்சி," என்றார் சின்னப்பன். "கேட்டா உனக்குத் தூக்கம் வராது."

"இத்தினி வருசமா நான் தூங்கிக்கினா இருக்கேன்? சொல்லுண்ணே."

சின்னப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கெழமை. ஜூலை நாலு. விடிஞ்சி கொஞ்ச நேரம். ஞாயிறாச்சேன்னு நான் ஜெபம் சொல்லிக்கினு இருந்தேன். 'எனக்கும் சேத்துச் சொல்றா, பட்டாளத்துல இருக்கோம், உங்க சாமிக்கு இந்தியும் தெரியுமில்ல'ன்னு பாலையா கிண்டல் பண்ணான். சிரிச்சிக்கினே பாறைக்கு அந்தாண்ட போனான். குண்டு அங்கதான் உளுந்தது. எடுக்க ஒண்ணும் இல்லம்மா, அதான் காணோம்னு எழுதிட்டாங்க."

ருக்மணி அழவில்லை. "சிரிச்சாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"சிரிச்சான்."

ஊர் ஜோசியர் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஆனி மாதத் தேய்பிறை சஷ்டி என்றார். இந்த வருஷம் அது வேலைநாளில் வந்தது.

"ஆர்டர் நிக்குது அண்ணி, தறியை நிறுத்த முடியாது," என்றான் அண்ணாதுரை. "அமாவாசையில எல்லாருக்கும் விடறதுல அண்ணனும் வந்துருவான். பொம்பள எள்ளுத்தண்ணி விடக் கூடாதுன்னு வேற சொல்வாங்க."

"சொல்லட்டும்."

சஷ்டியன்று கபிலதீர்த்தத்தில் கூட்டமே இல்லை. புரோகிதர் அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?"

"கொழுந்தன் அமாவாசைக்கு வருவாரு சாமி. இன்னிக்கு நான்."

"அப்படி வழக்கம் இல்லையே."

"மலையில அவர எடுத்து எரிக்கவும் வழக்கப்படி ஆள் இல்ல. நீங்க மந்திரம் சொல்லுங்க, நான் தண்ணி விடறேன். சொல்லாட்டி, பேரைச் சொல்லி விட்டுட்டுப் போறேன்."

புரோகிதர் தர்ப்பையை எடுத்துக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"பேரு?"

"பாலையா."

"எப்போ போனாரு?"

"ஞாயித்துக்கெழமை. விடிஞ்சி கொஞ்ச நேரத்துல," என்றாள் ருக்மணி. எள்ளுக்காகக் கையை நீட்டினாள்.