அவள் இருந்தால் இறங்காத சூடு

அவள் பக்கத்தில் இருந்தால் எந்த இயந்திரமும் பழுதாகாது. இது அந்த மருத்துவமனையில் வாட்ச்மேன் உட்பட எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆரம்பத்தில் அதை அவள் சாபம் என்றுதான் நினைத்தாள். குறைமாதக் குழந்தைகளை வைக்கும் ஐந்து கண்ணாடிப் பெட்டிகளின் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் புரோகிராமை எழுதியவள் அவள்தான். வாரத்துக்கு இரண்டு தடவை, நேரம் காலம் இல்லாமல், ஏதோ ஒரு பெட்டியில் சூடு இறங்கும். நர்ஸ் சுவிட்சை அணைத்துப் போட்டால் ஏறிவிடும். அவள் அடித்துப்பிடித்து ஓடி வந்து நின்றால், இன்ஸ்பெக்டர் வந்த வகுப்பறை மாதிரி எல்லாம் சமர்த்தாக ஓடும். ஒரு பெட்டியைக் கம்பெனிக்கே தூக்கிப் போய்ப் பத்தொன்பது நாள் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தாள். இம்மி பிசகவில்லை. "தப்பு கண்ணுல பட்டாத்தானே சார் திருத்த முடியும்" என்று மேனேஜரிடம் புலம்பினாள்.

அந்தச் சமயம் பார்த்துத் தங்கைக்கு ஏழாம் மாதமே பிரசவமாகி, ஒரு கிலோ நூறு கிராம் குழந்தை மூன்றாம் பெட்டிக்கு வந்தது. வேறு எங்கும் இடமில்லை. நாலாம் நாள் அவள் காபி குடிக்கக் கீழே இறங்கினாள். பெட்டியில் சூடும் இறங்கியது. நர்ஸ் கவனிப்பதற்குள் குழந்தையின் உதடு நீலம் பாரித்துவிட்டது. அவள் படியேறி ஓடி வந்து வாசலில் கால் வைத்ததும் சூடு தானாக ஏறியது. நர்ஸின் நோட்டை வாங்கிப் பார்த்தாள். முப்பத்தொரு தடவை இறங்கியிருக்கிறது. அதில் ஒரு தடவைகூட அவள் வார்டில் இல்லை.

"பத்து நிமிஷம் வெளிய நிக்கிறேன். எல்லாம் பதிவாகும். எந்த வரியில தப்புன்னு தெரிஞ்சிடும்" என்றாள் தங்கையிடம்.

"எம்புள்ளைய உள்ள வச்சா? நீ கண்டுபிடிக்கவே வேணாம்க்கா. இங்கயே உக்காரு, போதும்."

படித்த படிப்புக்கு வெறுமனே நாற்காலியைத் தேய்ப்பதா என்று அவமானமாக இருந்தது. உட்கார்ந்தாள். தூங்கினாலும் பரவாயில்லை, ஆள் இருந்தால் போதும் என்பது இரண்டே நாளில் தெரிந்துவிட்டது.

முப்பத்தெட்டாம் நாள் குழந்தை இரண்டு கிலோவைத் தொட்டது. தங்கை அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, "வாக்கா, போலாம்" என்றாள். அவள் பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். மற்ற நாலு பெட்டிகளின் தாய்மார்களும் எழுந்து நின்றார்கள்.

"நீ போ. என் துணிமணியக் குடுத்தனுப்பு" என்றாள்.

பிறகு புரோகிராமை வேறு ஆட்கள் இரண்டு தடவை திருத்தி எழுதினார்கள். பெட்டிகளும் புதிதாக வந்தன. நர்ஸ்களின் டியூட்டி அட்டவணையில் கடைசி வரி இன்னும் அவளுடையது. ஐந்து பெட்டியும் காலியாக இருக்கும் நாளில் அவளுக்கு லீவு. பதினோரு வருடத்தில் அப்படி மூன்று நாள் வாய்த்தது.