ஆளிவிதை நெய்யும் இளையவள் மூச்சும்

ஆவணித் திங்களில் ஒரு முற்பகல். தென்மராட்சியின் மாந்தோப்புகளுக்கும் பலாச் சோலைகளுக்கும் மேலே வெயில் உருக்கிய வெண்கலம்போலப் பரந்து கிடக்க, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று, அறுவடை முடிந்து வெடித்த வயல்களின் புழுதியை வாரி, வடலிகளின் ஓலைகளைச் சலசலக்கச் செய்து, கண்டி நெடுஞ்சாலையிற் செல்லும் பேருந்துகளின் இரைச்சலையும் உடன்கொண்டு, சாவகச்சேரிச் சந்தைக்குக் கிழக்கேயுள்ள ஒழுங்கைகளில் வேலிக்கு வேலி தாவித் திரிந்தது. நற்றமிழ் நயப்பீர், அவ்வொழுங்கைகளில் ஒன்றின் முடிவிலுள்ள சிறு வீட்டின் முற்றத்தில், அக்காற்றின்மேல் அடங்காச் சினங்கொண்டு நின்ற பெண்ணொருத்தியின் கதையே இது.

நவமணி என்பது அவள் பெயர். அமெரிக்கத் திருப்பணியாளர் நிறுவிய பள்ளியொன்றில் முப்பது ஆண்டுகளாக வேதியியல் கற்பித்து வருபவள். துளியும் பிசகாது அளந்து பழகிய கையும், பிசகியவரைப் பொறாத நாவும் உடையவள். மணம் புரியாத அவளுக்கு உலகில் எஞ்சிய உறவு, ஆறாண்டு இளையவளான தங்கை மிரியம் ஒருத்தியே. சிறுவயது தொட்டே மிரியத்தைப் பற்றியிருந்த இழுப்பு நோய் அவ்வாண்டில் முற்றி, நீட்டி நிமிர்ந்து கிடந்தால் மூச்சடைக்க, நாற்காலியிற் சாய்ந்தபடியே உறங்கும் நிலைக்கு அவளைக் கொணர்ந்திருந்தது. தலைப்புறம் உயர்ந்த கட்டில் வேண்டுமென மருத்துவர் கூறவே, தச்சன் சுபாங்கன் அத்தகையதொன்றை வேப்பமரத்திற் செய்து கொணர்ந்து முற்றத்தில் இறக்கினான்.

“வார்ணிஷ் அடிச்சுத் தரட்டே, ரீச்சர்? ரெண்டு நாளிலை காய்ஞ்சிடும்,” என்றான்.

“அந்த மணத்துக்கு இவள் ஒரு கிழமை எழும்பமாட்டாள். பூசாமல் விட்டால் மரம் வேர்வை குடிச்சுக் கறுத்துப்போகும். நானே வீட்டிலை கலந்து பூசிறன்,” என்றாள் நவமணி.

மூன்று பங்கு ஆளிவிதை நெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு என அளந்து, கொதிநீரின்மேல் வைத்த கலத்தில் உருக்கிக் கலந்து, பழம்பருத்திச் சேலையைக் கிழித்த துணியால் தொட்டுத் துடைத்து அவள் முதற்பூச்சை இட்டபோது, மரத்தின் வரியெல்லாம் தேனில் தோய்ந்தாற்போல் எழுந்து ஒளிர்ந்தன. அம்மகிழ்ச்சி ஒரு பொழுதுக்கே வாய்த்தது. இரண்டாம் நாளும் பூச்சு விரலில் ஒட்டியது. நான்காம் நாளும் ஒட்டியது. அதற்குள் சோளகம் ஊர்ப்புழுதி முழுவதையும் கொணர்ந்து, பிட்டுமாத் தூவிய சுளகுபோல் அக்கட்டிலை ஆக்கிவிட்டது. காற்றை வைதாள், மெழுகை வைதாள், ஈற்றில், மாணாக்கர் எவரேனும் இவ்வாறு கலந்திருந்தால் எவ்வளவு கடிந்திருப்போம் என்றெண்ணி, வைய எவருமின்றி உதட்டைக் கடித்தபடி அனைத்தையும் தேய்த்தெடுத்தாள்.

இரண்டாம் முறை மெழுகைக் குறைத்து, ஊசியிலை மரப் பிசினிலிருந்து வடித்த மூக்கைத் துளைக்கும் நெய்யைப் பத்திலொரு பங்கு மட்டும் சேர்த்தாள். கலவை நீர்போல் இழுபட்டு, மாலைக்குள் உலரவும் தொடங்கிற்று. வென்றோம் என்ற எண்ணத்தோடு கைகழுவ உள்ளே போனவள், கடைசி அறையில் மிரியம் இருமலின் ஒலி வெளியே கேளாதபடி சேலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்திருக்கக் கண்டாள். உடனே வெளியே வந்து, உலர்ந்தும் உலராத பூச்சைச் சவர்க்கார நீரால் உரசி உரசித் துடைத்தாள். கலம் ஒன்று அவள் கையிலிருந்து முற்றத்துக் கிணற்றுக்கட்டிற் போய் மோதியது. அது நழுவியதா, எறியப்பட்டதா என்பதை அவள் மட்டுமே அறிவாள்.

மூச்சுத் தெளிந்த மிரியம் கதவோரம் வந்து நின்றாள். “அக்கா, நீங்கள் மரத்தோடை கோவிக்கிறியளோ, என்ரை மூச்சோடை கோவிக்கிறியளோ?”

“போய் உள்ளுக்கை இரு,” என்றாள் மூத்தவள்.

மூன்றாம் முறை மெழுகும் இல்லை, வடிநெய்யும் இல்லை. ஆளிவிதை நெய்யை மட்டும் அகன்ற தட்டில் ஊற்றி, கண்ணாடியால் மூடிப் பல நாள் வெயிலில் வாட்டித் தடிக்கச் செய்து, கட்டிலைப் புழுதி அண்டாத கிடுகுக் கொட்டிலுக்குள் இழுத்துவைத்து, பூசியதை உடனே துடைத்து, துடைத்ததை மீண்டும் துடைத்து, மூச்சுப்படலம்போல் மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்றாய் நான்கு இட்டாள். இம்முறை விரல் ஒட்டவில்லை, தங்கை இருமவுமில்லை. ஐந்தாம் பூச்சுக்குத் துணி போதாமையால், நெய்யூறிய பழந்துணிகளைக் கொட்டிலின் மூலையிற் குவித்துவிட்டுச் சந்தைக்குப் போனாள்.

நெய் உலர்வதென்பது காற்றின் உயிர்வளியோடு அது கூடுவதே. கூடுங்கால் வெம்மை பிறக்கும். பிறந்த வெம்மை வெளியேற வழியின்றிக் குவியலுள் அடைபடின் தீயாகும். முப்பது ஆண்டுகளாக ஆண்டுதோறும் இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவள் அவள்.

அவள் திரும்பியபோது கொட்டில் எரிந்து சரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு இராசமலர் கிணற்றுநீரை வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்தாள். முற்றத்தின் நடுவே, ஒரு கால் மட்டும் கரிந்த கட்டில் கிடக்க, அதன் சட்டத்தை இரு கையாலும் பற்றியபடி, உதடு நீலம்பாரித்து, மூச்சு மீன்வாய்போல் திறந்து திறந்து மூட, மிரியம் அதன்மேற் சரிந்து கிடந்தாள். முதலிற் புகையைக் கண்டவள் அவளே. கண்டவள் உள்ளே புகுந்து தனியொருத்தியாய்க் கட்டிலை இழுத்து வந்திருந்தாள்.

“விசரி, மரத்தை ஆர் உன்னை இழுக்கச் சொன்னது?” என்று முச்சில்லு வண்டியில் ஆதார மருத்துவமனை வாயில்வரை நவமணி கேட்டுக்கொண்டே போனாள்.

ஐந்து நாள் மிரியம் அங்கே மூச்சுக்கவசத்தோடு கிடந்தாள். அவளுக்கு மாற்றுடை எடுக்க வீட்டுக்கு வந்த நவமணி முற்றத்திற் கட்டிலைக் கண்டாள். அது முற்றிலும் உலர்ந்திருந்தது. மூன்று கிழமையாய் அவள் வேண்டி நின்ற அதே மெருகு, பொன்னும் மண்ணும் குழைந்தாற்போன்ற அதே அமைந்த ஒளி, ஆளில்லா முற்றத்தில் தன்போக்கில் வந்து நின்றது. அவளால் அதனைப் பார்க்க இயலவில்லை. உடைந்த கண்ணாடித் துண்டொன்றை எடுத்துச் சுரண்டத் தொடங்கியவள், விரல் கிழிந்தும் விடாது, வரும் போதெல்லாம் சுரண்டி, மூன்று நாளில் மரத்தை வெறுமரமாக்கினாள்.

வீடு மீண்ட மிரியம் அறையுள் இடப்பட்டிருந்த கட்டிலைக் கையால் தடவினாள். “பூசினதெல்லாம் எங்கை?”

“சுரண்டிப் போட்டன். உன்னைக் கொல்லப் பாத்த சாமான்.”

மிரியம் வெறுமரத்திலிருந்து கையை எடுத்தாள். பின்னர், அவள் குரலில் நவமணி என்றும் கேட்டறியாத கசப்போடு, “நீங்கள் அவ்வளவு நாள் மினைக்கெட்டதெண்டுதான் நான் உள்ளுக்கை போனனான். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, அக்கா. பூசேக்கையும் கேக்கேல்லை. சுரண்டேக்கையும் கேக்கேல்லை,” என்றாள்.

எத்தனையோ மாணாக்கரை எத்தனையோ வினாக்களால் நடுங்கச் செய்தவளுக்கு, தங்கையிடம் கேளாதிருந்த அவ்வொரு வினா அப்போதுதான் நாவில் எழுந்தது. “இப்ப என்ன செய்யட்டும், சொல்லு.”

“ஒண்டும் செய்யாதேங்கோ. சும்மா இதிலை இருங்கோ,” என்று கூறிய மிரியம், உயர்ந்த தலைப்புறத்திற் சாய்ந்து, சிறிது பொழுதில் உறங்கிப்போனாள்.

கேளாது ஈயும் அன்பு, பெறுபவர்க்குப் பாதியும் ஈபவர்க்குப் பாதியுமாய்ப் பிரிந்து, ஈற்றில் இருவர்க்கும் நிறையாது போவதுண்டு. கிழிந்த விரல்களை மடியில் வைத்தபடி நவமணி கட்டிலோரம் அமர்ந்திருந்தாள். அளந்தும் கலந்தும் துடைத்தும் சுரண்டியுமே பழகிய அக்கைகளுக்கு, ஒன்றும் செய்யாதிருத்தல், அம்மூன்று கிழமைப் பாட்டினும் அரிய பாடாயிருந்தது.