காட்டுமாட்டுக்குத்தான்

கடைக் கண்ணாடி மேஜை மேல ஆறு குண்டும் நிக்குது, வரிசையா, புது லிப்ஸ்டிக் மாதிரி பளபளன்னு, டியூஷன் முடிஞ்சு என்னையக் கூட்டிட்டு வர்ற வழியில அப்பா துப்பாக்கிக் கடையில வண்டிய நிறுத்துனாரு, சிறுமலைக்கு நடந்து ஏறணும், காட்டுமாடு திரியுது, ஒரு பாதுகாப்புக்குன்னு சொல்லி லைசென்ஸ எடுத்து வச்சாரு, கடைக்காரர் நீளமா ஒண்ண எடுத்தாரு, இது வேணாம்னாரு அப்பா, கைத்துப்பாக்கியா, சின்னதா, இடுப்புல சொருகுனா வெளிய தெரியக் கூடாது, ஏன் சார், காட்டுமாடு வந்து உங்க இடுப்பத் தடவியா பாக்கப் போகுது, இந்தச் சின்னது அதுக்குக் கொசுக்கடி சார்னு கடைக்காரர் சிரிச்சாரு, நானும் சிரிச்சேன், அப்பா மட்டும் கொஞ்ச நேரங்கழிச்சு சிரிச்சாரு, அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் முடியவே மாட்டேங்குது, பழகிப் பாக்கவாவது ஒரு பெட்டி குண்டு எடுங்க சார், வேணாம், ஆறு போதும், கண்ண மூடுனா கடைக்குள்ள காட்டுமாடு வந்து நிக்குது, அதுக்கு அருள்தாஸ் அத்தான் மூஞ்சி, தேன்மொழி அக்கா அவரோட ஓடிப் போய்க் கல்யாணம் பண்ணி எட்டு மாசம், எட்டு மாசமும் அப்பாவுக்கு அவரு அந்தப் பயதான், பேரச் சொன்னாலே சோத்துத் தட்டத் தள்ளி வச்சிருவாரு, போன வாரம் திடீர்னு அக்காகிட்ட போன்ல, மாப்ளய அனுப்பும்மா, நாங்க ரெண்டு பேரு மட்டும் மலைக்குப் போய்ட்டு வர்றோம்கிறாரு, அக்கா அழுதுட்டா, அப்பா மாப்ளனு சொல்லிட்டாருடி, இன்னைக்கு அவளுக்குப் போன் பண்ணித் துப்பாக்கியப் பத்திச் சொன்னேன், போடி லூசு, உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம், கட் பண்ணிட்டா, அதான் எடுத்துட்டேன், அப்பா குளிக்கப் போனப்ப, பீரோவுக்குள்ள இருந்து, ஆறையும், நாப்கின் பாக்கெட்டுக்குள்ள போட்டு மெடிக்கல் கடையில குடுத்த அதே கருப்புக் கவர்ல சுத்தி என் தலமாட்டுல வச்சிருக்கேன், அந்தக் கவரப் பாத்தாலே அப்பா தலையத் திருப்பிக்குவாரு, சாமி சத்தியமா தொட மாட்டாரு, ஆனா நெசமாவே காட்டுமாடு வந்துட்டா, அப்பா வெறுந்துப்பாக்கிய நீட்டிட்டு நின்னா, என்னால தான, பயந்து எந்திரிச்சேன், திருப்பி வச்சுரலாம்னு கவரோட கதவு வரைக்கும் வந்துட்டேன், ஹால்ல அப்பா போன்ல, மாப்ளய காலையில அஞ்சு மணிக்கு ரெடியா இருக்கச் சொல்லும்மா, குளிரும், ஸ்வெட்டர் போட்டு வரச் சொல்லு, அவ்ளோ பாசமா, போன வச்சுட்டு அம்மாகிட்ட மெதுவா, பய வர்றான்.

திரும்ப வந்து படுத்துட்டேன், அத்தான் நம்பருக்கு அடிக்கிறேன், ரிங் போகுது, எடுக்க மாட்டேங்குறாரு, இன்னொரு கை கவருக்குள்ள இருக்கு, ஆறும் பஞ்சுக்குள்ள படுத்துக் கெடக்கு, பளபளப்பெல்லாம் இல்ல, என் கைச் சூடு ஏறி வெதுவெதுன்னு, எடுங்க அத்தான், எடுங்க, பக்கத்து ரூம்ல பீரோ தெறக்குற சத்தம் கேக்குது.